நாளைக்கு ஊசி கிடையாது

யோகப்பிரியாவை, கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரியவர்கள் 'ஆஷா அம்மிணி' என்பார்கள். ஆஷா என்பது பெயரில்லை, வீடுவீடாகப் போகிற சுகாதாரப் பணியாளருக்கு அரசாங்கம் வைத்த பட்டம். பிள்ளைகளுக்கு அவள் 'ஊசியக்கா'. இத்தனைக்கும் அவள் யாருக்கும் ஊசி போட்டதில்லை. போட்டுக்கொள்ள வேண்டியவர்களைத் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் அவள் வேலை. எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு நெளிகிறது, யார் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், எவர் பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு உப்புக்கருவாடு தின்கிறார், எல்லாக் கணக்கும் அவள் தலையில்தான். குடையும் தோள்பையுமாக வெயிலில் நடப்பாள். நடந்து முடித்ததும் என் கடைக்கு முன்னால் வந்து நின்று ஒரு சம்பாரம் வாங்கிக் குடிப்பாள். சம்பாரம் என்றால் நீர்மோர்தான். இந்தப் பக்கம் மலையாளப் பெயரில் விற்றால்தான் குளிர்ச்சியாக இருக்கிறதாம்.

நான் நவ்ஷாத். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறேன். தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கூடவே கொஞ்சம் மளிகை. ஊரில் எந்தப் புரளி கிளம்பினாலும் என் கடையில் வந்து இளைப்பாறிவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போகும். எத்தனை பார்த்துவிட்டேன். சர்க்கரையில் கண்ணாடித்தூள், முட்டையில் பிளாஸ்டிக், இன்றிரவு பன்னிரண்டு மணிக்குமேல் போனைத் தொட்டால் கதிர்வீச்சு. கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போய்விட்டது. யோகப்பிரியாவுக்கு அப்படிச் சலித்துக்கொள்ள வழியில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் வீடுவீடாகப் போய், "அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லியாக வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இவள் ஒருத்தியின் வாய் இருந்தது.

அந்த வாய்க்கு மதிப்பு வந்த கதையைச் சொல்ல வேண்டும். சுகாதார ஆபீஸிலிருந்து வருகிற செய்தியெல்லாம் மலையாளத்தில் வரும். எங்கள் ஆட்கள் மலையாளம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார்கள். எழுத்தைக் காட்டினால் பாதிப்பேர் தலையைச் சொறிவார்கள். தமிழ் எழுத்துக்கே தடுமாறுகிறவர்களும் உண்டு. அதனால் யோகப்பிரியா ஒரு வேலை செய்தாள். வருகிற செய்தியைப் படித்து, எங்கள் பேச்சில் சொல்லி, குரலாகப் பதிந்து வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். "வணக்கமுங்க, எருத்தேன்பதி ஆஷா யோகப்பிரியா பேசறேன்" என்று ஆரம்பிப்பாள். கடைசியில் தன் போன் நம்பரை இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். கோவிட் காலத்தில் ஊரே அந்தக் குரலைக் கேட்டுத்தான் கதவைத் திறந்தது, மூடியது. அப்போதெல்லாம் அவள் குரல் கணீரென்று இருக்கும். இப்போது நாலு வீடு பேசினாலே கட்டிக்கொள்கிறது.

போன வருஷம் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களுக்குப் பொய்ச்செய்தியைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். 'வியாஜ வார்த்தை' என்று மலையாளத்தில் பேனர் கட்டினார்கள். வகுப்பு எடுத்தவளும் அவள்தான். பருப்புவடையும் டீயும் உண்டு என்பதால் நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் பேசினாள். "உடனே பத்துப் பேருக்கு அனுப்புன்னு சொன்னா அனுப்பாதீங்க. வெள்ளைக்கோட்டு போட்டவங்கெல்லாம் டாக்டர் இல்ல. சொல்றது யாரு? பேரு இருக்குதா, ஊரு இருக்குதா, திருப்பிக் கூப்பிட்டுக் கேக்க நம்பர் இருக்குதா? இந்த மூணும் இல்லைன்னா காதுலயே போட்டுக்காதீங்க" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டியதோடு நிற்காமல் கடைப்பிடிக்கவும் செய்தார்கள் என்பதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

அன்றைக்கு வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முந்தாநாள்தான் ஒரு ஹர்த்தால் முடிந்திருந்தது. யோகப்பிரியா வந்து நின்று சம்பாரம் கேட்டாள். கொடுத்துக்கொண்டே, "ஏன் யோகா, ஊசி வந்துருச்சா?" என்று கேட்டேன்.

"எந்த ஊசிங்கண்ணா?"

"நாய்க்கடி ஊசிதான். கெடையாதுன்னு நீதான குரூப்புல சொன்ன?"

அவள் டம்ளரை மேசைமேல் வைத்தாள். ஹர்த்தாலுக்கு முதல் நாள் அவளுக்குப் பாலக்காட்டில் ஏதோ பயிற்சி. போனை அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதன்பிறகு வந்து குவிந்த நூற்றுக்கணக்கான செய்திகளை அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லையாம். நான் என் போனை எடுத்துத் தேடிப் போட்டுக் காட்டினேன்.

"வணக்கமுங்க, எருத்தேன்பதி ஆஷா யோகப்பிரியா பேசறேன். நாளைக்கு ஆஸ்பத்திரியில நாய்க்கடி ஊசி கெடையாதுங்க. ஸ்டாக் தீந்துபோச்சு. யாரும் வீணா அலையாதீங்க. ஸ்டாக் வந்ததும் நானே சொல்றேன். சந்தேகம்னா இந்த நம்பருக்குக் கூப்புடுங்க..."

நம்பரை இரண்டு தடவை சொல்லி முடியும்வரை அசையாமல் கேட்டாள். "மறுக்கா போடுங்கண்ணா" என்றாள். மறுபடியும் கேட்டாள்.

"இது என்ற கொரல்தானுங்க. ஆனா இப்பப் பேசுனதில்ல. ரெண்டு வருசத்துக்கு முந்தி, அந்தப் பெருமழையில ரோடு அடைஞ்சு வண்டி வராமப் போச்சு பாருங்க, அன்னைக்குப் பேசுனது. மறுநாளே ஸ்டாக் வந்துருச்சு. வந்துருச்சுன்னும் ஒரு வாய்ஸ் போட்டேன்."

அந்த இரண்டாவது குரலை யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. எடுத்து வைத்தது இதை மட்டும்தான். எழுத்தில் வருகிற செய்தியிலாவது மூலையில் ஒரு தேதி ஒட்டிக்கொண்டிருக்கும். வாயால் சொன்ன 'நாளைக்கு' என்றைக்குப் போட்டுக் கேட்டாலும் நாளைக்குத்தான்.

ஹர்த்தாலுக்கு முதல் நாள் சாயங்காலம், தோட்டம் வைத்திருக்கும் பூபதிராஜா குரூப்பில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'நாளைக்கு ஹர்த்தாலாமா, ஆஸ்பத்திரியில ஊசி போடுவாங்களா?' அதற்குப் பதிலாகத்தான் இந்தக் குரல் வந்திருந்தது. போட்டவர் பெயர் அதன் தலையிலேயே இருந்தது. சென்னிமலை. யோகப்பிரியாவின் அப்பா.

நான் சொல்லலாமா வேண்டாமா என்று இழுப்பதற்குள் அவளே பார்த்துவிட்டாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, பூபதிராஜாவுக்குப் போன் போட்டாள். அடித்தது, எடுக்கவில்லை.

"அவருக்கு மூணாவது ஊசிங்கண்ணா, ஹர்த்தாலன்னைக்கு" என்றாள். "போகாம விட்டிருப்பாருங்களா?"

போகாமல்தான் விட்டிருப்பார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் தோட்டத்து நாய் டைகரே அவரைக் கடித்திருந்தது. கன்றுக்குட்டியைக் கண்டு உறுமியதைப் பிடித்துக் கட்டப் போனவரின் முழங்கைக்குக் கீழே பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. வளர்த்த நாய்தானே என்று அவர் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு திரிந்ததை, மூன்று நடை நடந்து கெஞ்சி முதல் ஊசிக்கு அனுப்பியது இவள்தான். இரண்டாவதற்கும் இவளே போன் பண்ணி அனுப்பினாள். "ஒண்ணுகூட விடக்கூடாது. நாயையும் கவனிச்சுக்கங்க. அதுக்கு என்ன ஆனாலும் ஒடனே சொல்லுங்க" என்று அவள் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மூளைக்கு ஏறிவிட்டால் அப்புறம் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாத நோய் அது. ஏறுவதற்கு முன்னால் தடுத்தால்தான் உண்டு.

பூபதிராஜாவுக்குப் புண்ணாக்கு மூட்டை கொண்டுபோக வேண்டியிருந்தது. நாளைக்குப் போகலாம் என்று வைத்திருந்தேன். லோடு ஆட்டோவைக் கிளப்பி அவளை முன்னால் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் அவள் வெளியே பார்த்தபடி வந்தாள். ஒரு தடவை மட்டும், "எத்தனை பேரு கேட்டிருப்பாங்க" என்றாள்.

தோட்டத்தில் கடலைக்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் குனிந்து செடியைப் பிடுங்கிக்கொண்டிருக்க, பூபதிராஜா வரப்பில் நின்று அதட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு முன்னால் வந்தார். கையில் கட்டு இல்லை. காயம் ஆறிக் கருத்திருந்தது. அவர் மனைவி ராசம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஏனுங்க பூபதியண்ணா, ஊசிக்குப் போகலீங்களா?"

"நீதான அம்மிணி கெடையாதுன்ன? வந்ததும் நானே சொல்றேன்ன. சொன்னாப் போறன்."

"அது பழசுங்கண்ணா. ரெண்டு வருசத்துக்கு முந்தி பேசுனது. ஊசி இருக்குது. அன்னைக்கும் இருந்துச்சு, இன்னைக்கும் இருக்குது. வாங்க, நவ்ஷாத்தண்ணா வண்டியிலயே போயிரலாம்."

பூபதிராஜா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அதே குரலைப் போட்டார். வெட்டவெளியில் அது கடையில் கேட்டதைவிடச் சத்தமாகக் கேட்டது. பறிப்பு ஆட்கள் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பேரு இருக்குதா? இருக்குது. ஊரு இருக்குதா? இருக்குது. நம்பரு? ரெண்டு தடவ இருக்குது. இந்த மூணும் இருந்தா நம்பலாம்னு க்ளாஸ் எடுத்தது யாரு? ராசம்மா, நீயும் போனதான?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். யோகப்பிரியாவை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறெதுவும் ஞாபகம் வரவும் இல்லை.

"நாஞ்சொன்னது நெசந்தானுங்கண்ணா. தேதியப் பாக்கோணும்னு சொல்ல விட்டுட்டேன்."

"இதுல பாரு, எத்தனை தெளிவா, தெம்பாச் சொல்ற. இப்ப என்னமோ முனகிட்டு நிக்கற. எதை நம்பறது நாங்க?"

"ரெண்டையும் நம்புங்க. ரெண்டும் நாந்தான். அது அப்ப, இது இப்ப."

"அப்ப நாளைக்கு வந்து இதுவும் பழசும்ப."

எனக்குக் கோபம் வந்தது. இந்த ஆள் முட்டாளில்லை. மண்டியில் தேங்காய் விலையை யாராவது ஒரு ரூபாய் மாற்றிச் சொன்னால் நாலு இடத்தில் விசாரிக்காமல் விடமாட்டார். அறுவடை நேரத்தில் ஆட்களை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. ஊசி என்றால் அவருக்கு உள்ளூரப் பயமும் உண்டு. அந்த நேரம் பார்த்து, 'போக வேண்டாம்' என்று தெரிந்த குரல் ஒன்று வந்து சொன்னால் எவன் கிளறிப் பார்ப்பான்? நமக்குத் தோதான பொய்யை நாம் உரசிப் பார்ப்பதில்லை. நானும்தான் பார்ப்பதில்லை.

யோகப்பிரியா நான் இறக்கிப்போட்ட புண்ணாக்கு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யார் வீட்டிலும் நின்றே பேசிவிட்டுப் போகிறவள். சொம்பிலிருந்த தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். குடித்துவிட்டு வேப்பமரத்தைப் பார்த்தாள். மரத்தடியில் சங்கிலி மட்டும் கிடந்தது.

"டைகர் எங்கீங்க?" என்றாள்.

பூபதிராஜா கடலைக்காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்காச்சும் திரிஞ்சிட்டு இருக்கும்."

"செத்துப்போச்சு" என்றார் ராசம்மாள். "ஹர்த்தாலன்னைக்கு விடியால வாய்க்கால்ல கெடந்துச்சு. அதுக்கு முந்தியே சோறு எடுக்கல, வாயெல்லாம் நொரை. வெளிய சொல்லாதடீன்னுட்டு இவரே பொதைச்சாரு."

யோகப்பிரியா எழுந்தாள். கையிலிருந்த சொம்பு சாய்ந்து, மிச்சத் தண்ணீர் அவள் புடவையில் கொட்டியது. அவளுக்குப் பயம். ஒளிக்கத் தெரியாத பயம் முகத்தில் அப்படியே நின்றது. அதுவரைக்கும் இது ஒரு வாய்த்தகராறு என்றுதான் நானும் ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ராசம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, அந்தப் போன்ல இருக்கறவளுக்கு நம்ம நாய் செத்தது தெரியுமா?"

"என்னடி ஒளர்ற?"

"அவகிட்ட மறுக்கா கேளுங்க. நூறு தடவ கேட்டாலும் அதே கொரல்ல ஊசி கெடையாதும்பா. இவளப் பாருங்க. நாய் செத்துதுன்னதும் இவ மூஞ்சி எப்பிடியாயிருச்சு பாருங்க. எந்த யோகா இப்பத்த யோகான்னு இதுக்குமேல உங்களுக்கு யாரு வந்து சொல்லோணும்? சட்டையப் போட்டுட்டு வண்டியில ஏறுங்க. கடலைக்காயை நான் பாத்துக்கறன்."

அவர்களுடைய முப்பது வருஷக் குடித்தனத்தில் ராசம்மாள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பூபதிராஜா கையிலிருந்த காயத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சட்டையை எடுத்துக்கொண்டு வந்து, வண்டியின் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தேன். காற்றில் கலைந்த தலையோடு பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போகிற பையனைப் போல உட்கார்ந்திருந்தார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜிஷா சீட்டைப் பார்த்துவிட்டு, "இத்ர வைகியோ சேட்டா?" என்றாள். இவ்வளவு தாமதமா என்கிறாள். யோகப்பிரியா நாய் செத்ததைச் சொன்னாள். ஜிஷாவின் முகத்திலிருந்த கடுகடுப்பு போய்விட்டது. டாக்டரிடம் கூட்டிப்போனாள். தாமதம்தான், ஆனாலும் இப்போது போட்டுவிடலாம், முதல் ஊசியன்றே கடிவாயிலும் மருந்து போட்டது நல்லதாகப் போயிற்று, கடைசி ஊசியை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்றார் டாக்டர். ஒன்றும் ஆகாதில்லையா என்று பூபதிராஜா கேட்டார். சரியான நேரத்தில் வந்திருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த சீட்டை எடுத்தார். அதற்குமேல் அங்கே யாரும் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் பூபதிராஜா. "யோகா, பயமா இருக்குது அம்மிணி" என்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குந்தானுங்கண்ணா" என்றாள்.

கிளம்பும்போது ஜிஷா யோகப்பிரியாவை நிறுத்தி ஒரு விஷயம் கேட்டாள். இரண்டு மூன்று நாளாக உங்கள் பக்கத்து ஆட்கள் யாருமே ஊசிக்கு வரவில்லையே, நாய்க்கடி அப்படிக் குறைந்துவிட்டதா என்று. நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சிரித்துக்கொண்டே கேட்டாள். யோகப்பிரியா அவசரமாக வண்டியில் வந்து ஏறினாள்.

பூபதிராஜாவைத் தோட்டத்தில் விட்டுவிட்டு அவளை வீட்டில் இறக்கப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. அப்பா வீடும் அவள் வீடும் ஒரே வாசல். சென்னிமலை பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, காலித் தூக்குப் போசியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வா கண்ணு. உனக்குத்தான் எத்தனை சோலி. நீ பாலக்காட்டுல இருந்தப்ப பூபதி என்னமோ கேட்டான். உனக்குத் தொந்தரவு வேண்டாம்னு நானே பதிலச் சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்கப்பா?"

"எனக்கென்ன எழுதத் தெரியுமா? நீ பேசுனதுல நோவுக்கு ஒண்ணா எடுத்து வெச்சிருக்கறன். காச்சலுக்கு ஒண்ணு, மஞ்சக்காமாலைக்கு ஒண்ணு. யாராச்சும் கேட்டா அதுலருந்து எடுத்துப் போட்டர்றது. உன்ற வாயிலருந்தே கேட்டுக்கட்டும்னு. ஊசின்னான், ஊசியத் தேடி எடுத்துப் போட்டன்."

நான் யோகப்பிரியாவைப் பார்த்தேன். அப்பாவைத் திட்ட வேண்டும் என்றுதான் அவள் வந்தாள். வண்டியில் அவள் உதடு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்ததை நான் கவனித்திருந்தேன். வாசலில் நின்று திட்டவும் செய்தாள். "அது என்னைக்குச் சொன்னதுன்னு பாக்க மாட்டீங்களாப்பா? பூபதியண்ணனக் கடிச்ச நாய் செத்துப்போச்சுப்பா. என்ற கொரலக் கேட்டுட்டு அவரு போகாம இருந்துட்டாரு. அவருக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் இந்த ஊருக்குள்ள எப்பிடிங்கப்பா நடப்பேன்?" பாதியிலேயே குரல் அடைத்துக்கொண்டது. சென்னிமலைக்கு முழுவதும் புரிந்ததோ இல்லையோ, நாய் செத்தது புரிந்தது. ஈரக் கையோடு அப்படியே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"நீயே எல்லாத்தையும் அழிச்சிரு கண்ணு. எனக்கு அழிக்கவும் தெரியாது."

அவள் வாங்கிப் படியில் உட்கார்ந்தாள். முதலில் தன் போனை எடுத்து ஒரு புதுக் குரல் பதிந்தாள். தேதியைச் சொன்னாள், கிழமையைச் சொன்னாள், வருஷத்தையும் சொன்னாள். நாய்க்கடி ஊசி இருக்கிறது, முன்னால் வந்தது பழசு, யாரும் நம்ப வேண்டாம் என்றாள். நம்பரை இரண்டு தடவை சொன்னாள். இடையில் இரண்டு முறை இருமல் வந்தது. அழித்துவிட்டு மறுபடி பேசத் தெம்பில்லாமல் அப்படியே அனுப்பினாள். அதற்கப்புறம் அப்பாவின் போனில் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றும் அழிவதற்கு முன்னால் விரல்பட்டு ஒரு நொடி பேசிவிட்டுப் போனது. வணக்கமுங்க. வணக்கமுங்க. சென்னிமலை அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நான் கிளம்பலாம் என்று சாவியைத் திருகினேன்.

அப்போது அவள் போன் அடித்தது. புது நம்பர். அவளுக்கு எடுக்க மனமில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எடுத்து, காதில் வைக்கக்கூடச் சலித்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள்.

ஒரு பெண் குரல். "ஆஷா யோகப்பிரியாங்களா?"

"ஆமாங்க."

"நான் பெருமாட்டிப் பஞ்சாயத்துல இருந்து பேசறனுங்க. எங்க குரூப்புல உங்க வாய்ஸ் வந்துச்சு. ஸ்டாக் வந்ததும் நானே சொல்றேன்னீங்க. இன்னும் சொல்லலீங்களே? அதான், தொந்தரவு பண்றமோன்னு யோசிச்சு யோசிச்சு, கடைசியாக் கூப்புட்டேன். நேத்துலருந்து போனக் கீழயே வெக்கலீங்க."

யோகப்பிரியா மடியிலிருந்த போனையே பார்த்தாள்.

"யாருக்குங்க கடி?"

"பொண்ணுக்குங்க. கன்னத்துலயும் கையிலயும். மொத ஊசி போட்டாச்சு. ரெண்டாவதுக்குத்தான் நீங்க சொல்லட்டும்னு இருக்கறேன்."

"ஊசி இருக்குதுங்க. நீங்க இப்பவே கெளம்புங்க. ஒரு நிமிசம் நிக்காதீங்க. கேசுவாலிட்டியில போய் நில்லுங்க, நானும் வந்தர்றேன்."

தயங்கித் தயங்கி அந்தப் பெண் கேட்டாள்.

"நீங்கதானுங்களா பேசறது? அந்த வாய்ஸ்ல இருக்கறவிய கொரலு இப்பிடி இல்லீங்களே. நல்லாத் தெளிவா இருந்துச்சுங்களே."

யோகப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டையைச் செருமிப் பார்த்தாள். சரியாகவில்லை.

"நாந்தானுங்க" என்றாள். "கெளம்புங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். மறுபடியும் ஆஸ்பத்திரி ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினேன்.